புகை வராத அடுப்பு

எது நடந்தாலும் எங்கள் சனம் முன்னால் இருக்கிற சாமானைக் காட்டி முதலில் கேட்கிற கேள்வி, "உதை எங்க வாங்கினனீங்கள்?" என்பதுதான். ஆகவே ஸ்காபரோவின் ஒரு மூலையில், வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கிற ஒரு தெருவில், சச்சிதானந்தம் பின்வளவில் கோழி சுடவென்று வாங்கி வந்த கரி அடுப்பின் மூடியைத் திறந்ததும், எழும்பின புகைக்குள் பதினாறு வயதில் காணாமற்போன அவருடைய தம்பி கேதீஸ்வரன் பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டோடு இடுப்பளவுக்கு எழும்பி நின்றபோதும் அதுதான் நடந்தது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த அயலட்டை கொஞ்ச நேரம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றது, ஐயோ அதே முகம், அதே முழி என்று மூக்கைச் சிந்தியது, பிறகு படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, அடுப்பை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "சச்சி, உதை எந்தக் கடையில எடுத்தனீர்?" என்று கேட்டது.

சச்சியும் லேசுப்பட்ட ஆளில்லை. தம்பியைக் கண்டதும் அவருடைய வாயில் முதலில் வந்தது, "டேய், தள்ளி நில்லடா, கொழுப்புத் தெறிக்கும்" என்பதுதான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது, வந்தது கோழி முழுக்கக் கரிந்து போகும்வரை நிற்கவில்லை. கேதீஸ் ஒன்றும் பேசவில்லை. வந்தவர்களில் ஒருவரும் ஒருநாளும் பேசியதில்லை. அவன் கோழியைப் பார்த்தான், அண்ணனின் வழுக்கையைப் பார்த்தான், திரும்பவும் கோழியைப் பார்த்தான், கரி நூர்ந்து அணைந்ததும் போய்விட்டான்.

கோயில் ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். அவர் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடியே சொன்னார்: "உயிர் போய், உடம்புக்கு நெருப்புக் கிடைக்காத ஆக்கள் இவை. ஆரும் கொள்ளி வைக்கேல்லை. எங்க தங்கட சனத்தின்ர நெருப்பு மணக்குதோ அங்க வருவினம். இதில அதிசயப்பட என்ன கிடக்கு?" அதோடு சரி. ஏன் இப்போது, ஏன் இந்தப் பனிநாட்டில், ஏன் கோழி சுடுகிற அடுப்பில் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வீடு ஊர் யுத்தத்தில் ஒரு ஆளைத் தொலைத்த தெருவில் காரணம் தேடிக்கொண்டு ஆர் நிற்பார்கள், எல்லாரும் கடைக்குத்தான் ஓடினார்கள்.

அந்தக் கோடையில் எங்கள் சனம் அடுப்புகளைப் பற்றிக் கதைத்ததுபோல வேறெதைப் பற்றியும் கதைக்கவில்லை. பிள்ளைகளின் படிப்பு, வீட்டு விலை, ஊர்ச்சங்கத்துச் சண்டை எல்லாம் பின்னுக்குப் போய்விட்டன. கலியாண வீட்டில், செத்தவீட்டில், பல்லு வைத்தியரின் வாசலில், எங்கே இரண்டு பேர் சந்தித்தாலும், உங்கட என்ன அடுப்பு, உங்களுக்கு எவ்வளவு நேரம் நிக்கினம் என்பதுதான் பேச்சு. மூடி போட்ட உருண்டைக் கரி அடுப்பில் ஆட்கள் இடுப்பளவுக்குத்தான் வந்தார்கள், அதுவும் கொழுப்பு உருகி விழுகிற நேரம் மட்டும். மண்ணால் செய்த முட்டை வடிவ அடுப்பு ஒன்று இருக்கிறது, சூட்டை நாள் முழுக்க விடாது, ஆனால் புகையையும் விடாது. அதை வாங்கின ஒரு தாய்க்கு மூடி இடுக்கால் ஒரு கை மட்டும் வந்தது, அவ அந்தக் கையைப் பிடிக்கிறேன் என்று தன் கையைச் சுட்டுக்கொண்டு, அது மகனின் கைதான், சின்னவிரலில் அரிவாள் வெட்டின தழும்பு இருக்கு என்று ஒரு கோடை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தா. மரத்தூளைக் குளிசை குளிசையாய் உருட்டிப் போட்டு, வயரைக் குத்திவிட்டால் தன்பாட்டில் எரிகிற நவீன அடுப்பை வாங்கினவர்களுக்கு முழு ஆளும் வந்தது, ஆனால் முகம் தெளிவில்லை. வந்தது மூத்தவனா இளையவனா என்று தாயும் தகப்பனும் சண்டை பிடித்தார்கள். எல்லாவற்றிலும் திறமானது பக்கத்தில் தனியாய் நெருப்புப்பெட்டி பூட்டின நீட்டுப் புகையடுப்புத்தான். மரக்கட்டை போட்டு, பெரிய இறைச்சித் துண்டை உள்ளே வைத்து, காலமை தொடங்கினால் பின்னேரம் வரைக்கும் புகை நிற்கும். அதில் ஆட்கள் கால்வரைக்கும் வந்தார்கள், அடுப்பை விட்டு இறங்கிப் புகை போகிற அளவுக்கு நடந்தார்கள். சச்சி அப்படி ஒன்றைத் தெருச்சனத்துக்கெல்லாம் பொதுவாய் எடுப்பித்துத் தன் வளவிலேயே வைத்துக்கொண்டு, அடுப்புக்கலையில் பெரிய பண்டிதர் ஆகிவிட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் சமைக்காத வீடுகள் இருக்கின்றன அல்லவா, அங்கே கத்தரிக்காயும் சோளமும் சுட்டார்கள். செத்தவர்கள் அதற்கும் வந்தார்கள், முகத்தைக் கொஞ்சம் சுழித்தார்கள், அவ்வளவுதான். புகை அளவுக்கு மிஞ்சிப் போகிறது என்று யாரோ முறைப்பாடு வைக்க நகரசபை ஆள் ஒருவர் வந்தார். வளவு நிறைய நின்றவர்களை ஒருதரம் பார்த்தார். "இவ்வளவு பேரும் இந்த ஒரு வீட்டிலையா இருக்கினம்?" என்று கேட்டார். இல்லை, இவை வந்திட்டுப் போற ஆக்கள் என்றாள் சச்சியின் மனிசி சுகிர்தமலர். அவருக்கும் ஒரு துண்டு இறைச்சி வைத்துக் கொடுத்தார்கள், சாப்பிட்டுவிட்டுப் போனார், திரும்பி வரவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் போன வயதிலேயே வந்தார்கள். கேதீசுக்கு இப்போதும் பதினாறு. பாலர் பள்ளிக்கூடம் நடத்துகிற கமலாம்பிகை ரீச்சரின் கணவர் அவவின் மகனைவிட இளந்தாரியாய் வந்து நின்றார், ரீச்சர் வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டா. கண்டபிறகு ஒவ்வொரு குடும்பமும் ஐயரைப் பிடித்து, இத்தனை வருசமாய்ச் செய்யாமல் விட்டிருந்த அந்தியேட்டியை வாவிக்கரையில் வைத்துச் செய்தது. செத்த ஆளை முறைப்படி வழியனுப்பி வைக்கிற கிரியை அது. அது முடிந்தால் அந்த ஆள் பிறகு எந்த அடுப்புக்கும் வரமாட்டார். இன்னும் ஒரு கிழமை பார்ப்போம், இன்னும் ஒரு ஞாயிறு பார்ப்போம் என்று இழுத்துக்கொண்டு இருந்தவர்களும் உண்டு, கேதீசை அனுப்ப மனமில்லாமல் சச்சியே கோடை முடிகிறவரை இழுத்தார். ஆனால் கடைசியில் எல்லாரும் அனுப்பித்தான் வைத்தார்கள்.

இந்தக் கதை அவர்களைப் பற்றியதில்லை, வேலிக்கு இங்கால் பக்கத்து வளவில் இருந்த தவமலரைப் பற்றியது.

தவமலர் சுகிர்தாவின் தமக்கை. கேதீஸ் புகையில் எழும்பின அன்றைக்கு அவள் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றாள். கண்டதும் நனைந்த சேலையை அப்படியே கூடைக்குள் போட்டுவிட்டு உள்ளே போய், யன்னல் எல்லாம் இழுத்துப் பூட்டி, திரைச்சேலையும் இழுத்துவிட்டு, குசினித் தரையில் குந்திக்கொண்டாள். அவளுக்குப் பயம் பேய்க்கு இல்லை. அவளுடைய புருசன் பேரின்பநாதன் கொடிகாமத்தில் போறணை வைத்து, விறகெரித்துப் பாண், அதாவது ரொட்டி, சுட்டு விற்றவன். கலியாணம் கட்டி இரண்டாவது வருசம், விடியக் காலமை பாண் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவனைச் சந்தியில் மறித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் ஓடிப் போய்ப் பார்த்தபோது சைக்கிள் வேலியில் சாத்தியிருந்தது, பெட்டிக்குள் பாண் இன்னும் சுட்டது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனைக் கண்டதாய்ச் சொன்னவர்கள் உண்டு, அந்தத் தடுப்பு முகாமில் கண்டோம், இந்தச் சிறையில் கண்டோம் என்று. கண்டதில்லை என்று எழுதித் தந்தவர்களும் உண்டு. முப்பது வருசத்துக்குக் கிட்ட அவள் ஒரு படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு எத்தனையோ வாசல்களில் நின்றுவிட்டு, கால் ஏலாமல் போனதும் தங்கச்சிக்குப் பக்கத்து வீட்டில் வந்து சேர்ந்தவள். அந்தப் படத்தில் இன்பநாதனுக்குத் தலை நிறையச் சுருட்டை மயிர், மீசைக்குக் கீழே சிரிப்பு. அவள் இன்னும் பொட்டு வைத்தாள், தாலியும் கழுத்தில் கிடந்தது. புகையில் அவன் வந்தால் அவன் செத்துப்போனான் என்று அர்த்தம். அதுதான் அவளுக்கிருந்த பயம்.

"மச்சாள், நீங்களும் ஒரு அடுப்பு வைச்சிருக்க வேணும்," என்று சச்சி ஒற்றைக்காலில் நின்றார். "தெருவில எல்லாரிட்டையும் இருக்கு. பாக்கிற சனம் என்ன நினைக்கும்?" கையைப் பிடித்து இழுக்காத குறையாய்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடை முழுக்க அடுப்புகள், கறுப்பும் வெள்ளியுமாய் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. சச்சி ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து காட்டினார், இதில இரும்பு தடிப்பு, இதில காத்து வாற ஓட்டை பெரிசு, இதுக்குச் செரி மரம் போட்டால் நல்ல வாசம், இதுக்கு அப்பிள் மரம் என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவித்தார். தவமலர் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. எல்லாம் முடியவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சச்சித் தம்பி, இதில எதில புகை வராது?"

சச்சிக்கு முகம் விழுந்துவிட்டது. "காஸ் அடுப்பில வராது மச்சாள். ஆனா அதில ஆரும் வரமாட்டினமே."

"அப்ப அதையே எடும்."

அப்படித்தான் அந்தத் தெருவிலேயே புகை வராத ஒரே அடுப்பு அவளுடைய வளவில் வந்து நின்றது. நீலச் சுவாலை, துப்புரவான வேலை, பத்தவைக்க ஒரு சுண்டு, நிற்பாட்ட ஒரு திருகு. சுகிர்தாவுக்கு அது பொறுக்கவில்லை. அவள் தமக்கைக்குத் தெரியாமல், தன் வளவுப் பெரிய புகையடுப்பில் அத்தானுக்குப் பிடித்த ஆட்டு விலா வைத்து, "அத்தான் வாங்கோ, அக்கா பக்கத்து வீட்டிலதான் இருக்கிறா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். கிழமைக்குக் கிழமை கூப்பிட்டாள். தெருவில் எல்லாருடைய ஆட்களும் வந்தார்கள், எல்லாருடைய ஆட்களும் போனார்கள். இன்பநாதன் மட்டும் வரவேயில்லை.

அதைச் சுகிர்தாவால் எவ்வளவு நாளைக்கு வாய்க்குள் வைத்திருக்க முடியும்? ஒருநாள் வேலிக்கு மேலால் கத்தியேவிட்டாள்: "எடி அக்கா, அத்தான் செத்திருந்தால் எப்பவோ வந்திருப்பார்! வரேல்லை எண்டால் விளங்குதே? அத்தான் உயிரோட இருக்கிறார்!"

கதை காட்டுத்தீயாய்ப் பரவிவிட்டது. சனம் பலகாரத் தட்டோடு வந்தது. கமலாம்பிகை ரீச்சர் கேசரி கிண்டிக்கொண்டு வந்து, தவமலரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீர் குடுத்துவைச்சனீர், பிள்ளை. எங்களுக்கு வாய்க்கேல்லை" என்று சொல்லி அழுதா. முப்பது வருசமாய், ஊரிலும் இங்கேயும், கலியாண வீடுகளில் தவமலரைக் கூப்பிடுவதா விடுவதா என்று சனம் தடுமாறிக்கொண்டுதான் இருந்தது. தாலி இருக்கிறது, ஆள் இல்லை, இவவை எங்கே இருத்துவது? அவளும் அதை உணர்ந்து, மணவறைப் பக்கம் போகாமல், கடைசி வரிசையில் இருந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவாள். இப்போது அப்படியில்லை. புகையே சாட்சி சொல்லிவிட்டதால் தவமலர் சுமங்கலிதான் என்று முடிவாயிற்று. பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் அவளை முதல் ஆளாய் ஆலாத்தி எடுக்கக் கூப்பிட்டார்கள். ஊர்ச்சங்கத்து விழாவில் மங்கள விளக்கேற்ற அவள். புதுவீட்டுக்குப் பால் காய்ச்ச அவள். அவளும், பொய் சொல்லுவானேன், பூரித்துத்தான் போனாள். சிவப்புக் கரைச் சேலை இரண்டு எடுத்தாள். சின்னக் கடுகுப் பொட்டு வைத்தவள் சதக்காசளவு பொட்டு வைத்தாள். பூச்செடி நட்டாள். சமைக்கும்போது, இந்த நேரம் இன்பநாதன் எங்கோ ஒரு இடத்தில் சோறு தின்கிறான் என்று நினைத்து, அந்த நினைவோடு தானும் வயிறாரத் தின்றாள். உயிரோடு என்றால் எங்கே, என்ன மாதிரி உயிரோடு என்கிற நினைவு வருகிறபோதெல்லாம் எழும்பிப் போய் முற்றத்தைக் கூட்டினாள்.

மரங்கள் சிவக்கத் தொடங்கின நாட்களில்தான் அந்தக் கிழவர் வந்தார்.

தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டு ஆட்களும் வழியனுப்பப்பட்டு, சச்சியின் வளவுப் பெரிய அடுப்பில் இறைச்சி வெந்தால் வெறும் இறைச்சி மட்டுமே வேகிற காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை புகைக்குள் ஒரு கிழவர் வெறுங்காலோடு இறங்கி நின்றார். மொட்டையடித்த தலையில் நரை மயிர் குத்தி நின்றது. முதுகு கூனிப்போய், பல்லில்லாத வாய் உள்ளுக்குப் போய், யாருடையதோ அளவில்லாத ஒரு சேட்டும் இடுப்பில் கிழிந்த சாரமுமாய், எண்பது வயது மதிக்கலாம். சனம் கூடிவிட்டது. ஒவ்வொருவராய் முன்னுக்கு வந்து முகத்தைப் பார்த்தார்கள். "எங்கட அப்பா இல்லை, அவருக்கு நெத்தியில வடு இருந்தது." "எங்கட பெரியப்பு உயரம்." "ஆற்ற ஆளப்பா இது?" ஒருவரும் உரிமை கோரவில்லை. கிழவர்களைத் தொலைத்த குடும்பங்களுக்கெல்லாம் ரெலிபோன் போட்டு வரவழைத்துக் காட்டினார்கள். அவர்களும் வந்து பார்த்துவிட்டு, உச்சுக் கொட்டிவிட்டு, இறைச்சி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மற்றவர்கள் வந்தால் சாப்பாட்டைப் பார்ப்பார்கள். இவர் பார்க்கவில்லை. புகை போகிற எல்லைக்கு, தவமலரின் வேலி ஓரத்துக்கு மெல்ல மெல்ல நடந்து வந்து, வேலிப் பலகையில் கை வைக்கப் போய் வைக்க முடியாமல், அங்கேயே நிற்பார். இங்கால் பக்கம் நீலச் சுவாலை எரிகிற வளவு, புகையில்லாத வளவு, அதற்குள் அவரால் கால் வைக்க ஏலாது. ஞாயிறுக்கு ஞாயிறு வந்து நின்றார். தவமலருக்கு முதலில் பாவமாய்த்தான் இருந்தது. "ஆரோ பெத்த பிள்ளையள் தேடாமல் விட்டிட்டுதுகள், சீ, என்ன மனிசர்" என்று சுகிர்தாவிடம் சொன்னாள். பிறகு அந்தப் பார்வை ஒருமாதிரி இருந்தது. வெங்காயம் உரித்தாலும் பார்க்கிறார், பூச்செடிக்குத் தண்ணி ஊற்றினாலும் பார்க்கிறார். அவள் கதிரையைத் திருப்பி, வேலிக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு இருந்தாள். அதுவும் சரிவரவில்லை, முதுகு கூசியது.

"சச்சித் தம்பி, குறை நினைக்காதையும்," என்றாள் ஒருநாள். "அந்த ஐயா எந்த நேரமும் இஞ்சயே பாத்துக்கொண்டு நிக்கிறார். நான் புருசன் இருக்கிறவள். பிறத்தி ஆம்பிளை ஒருத்தர் இப்பிடிப் பாக்கிறது எனக்குச் சரியில்லை. அடுப்பைக் கொஞ்சம் அங்கால தள்ளி வையும்."

சச்சியும் இரண்டு பேரைப் பிடித்து, அந்த இரும்புப் பாரத்தை வளவின் மறுகரைத் தொங்கலுக்கு இழுத்துக்கொண்டு போய் வைத்தார். அதற்குப் பிறகு புகை வேலிவரைக்கும் எட்டவில்லை. கிழவர் எட்டின இடம்வரை வந்து, அங்கிருந்து பார்த்தார்.

பனி விழ முன்னம் இவரை இப்படி விடக்கூடாது என்று ஐயர்தான் சொன்னார். "ஆள் ஆரெண்டு தெரியாட்டிலும் சீவன் சீவன்தானே. தெருச்சனம் சேர்ந்து அந்தியேட்டி செய்து அனுப்பிவிடுங்கோ. பேர் தெரியாதவைக்குச் செய்யவும் ஒரு முறை இருக்கு." சச்சி மகன் முறையில் நின்று செய்ய ஒத்துக்கொண்டார். வாவிக்கரையில் குளிர்காற்று ஆளைத் தூக்கும் என்றபடியால் சச்சியின் வளவிலேயே, அடுப்புக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டார்கள். எல்லாரும் வந்தார்கள். அந்தக் கோடையில் தங்கள் ஆட்களை அனுப்பி வைத்த வீடுகள் எல்லாம், ஒருவருக்கும் சொந்தமில்லாத ஒருவரையும் அனுப்பிவிடுவோம் என்று, ஆளுக்கொரு சட்டியோடு வந்து நின்றன.

தவமலரும் குளித்து, சிவப்புக் கரைச் சேலை உடுத்து வந்தாள். தள்ளி வைக்கச் சொன்னது மனதைக் கொஞ்சம் அறுத்துக்கொண்டுதான் இருந்தது. அவருக்கு என்ன பிடிக்கும் என்று ஒருவருக்கும் தெரியாதபடியால் ஆளாளுக்குக் கிடைத்ததைப் படைத்தார்கள். அவள் காலமை எழும்பி, எத்தனையோ வருசத்துக்குப் பிறகு, மாக் குழைத்து ஒரு அச்சுப் பாண் போட்டுக்கொண்டு வந்தாள். படையலில் வைக்க முன்னால் போனபோது ஒருத்தி, "தவமலர் அக்கா, நீங்கள் சுமங்கலி, இதுக்குள்ள வரலாமோ?" என்று இழுத்தாள். "எனக்கென்ன குறை? நான் வைக்கிறன்," என்று தவமலர் பாணை வாழையிலையில் வைத்தாள்.

கிழவர் பாணைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து படைத்த எதையும் பாராதவர் அதைப் பார்த்தார், குனிந்து மணந்தார். ஐயர் மந்திரம் முடித்து, சச்சியின் கையால் தண்ணீர் வார்ப்பித்து, "பேரறியாச் சீவன் நற்கதி அடைவதாக" என்று சொல்லிக் கற்பூரம் கொளுத்தினார். புகை நிறம் வெளிறத் தொடங்கியது. அப்போதுதான் கிழவர் திரும்பி, அடுப்பின் நெருப்புப்பெட்டி வாசலுக்குப் போய், வலது கையின் சேட்டை முழங்கை வரைக்கும் சுருட்டினார். மயிரே இல்லாத, வழுவழுவென்ற கை. முழங்கையின் உட்பக்கத்தை நெருப்புக்குக் காட்டி வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்தார். முருகா, முருகா, முருகா, முருகா.

தவமலர் அந்தக் கையைப் பார்த்தாள்.

போறணை வாசலில் ஒவ்வொரு விடியலிலும் இன்பநாதன் அப்படித்தான் சூடு பார்ப்பான். கையின் உட்பக்கத்தைக் காட்டிக்கொண்டு முருகனின் பேரைச் சொல்லுவான். மூன்று தரத்துக்கு மேல் சொல்ல முடிந்தால் சூடு போதாது, இன்னும் விறகு தள்ளவேண்டும். மயிர் பொசுங்கிப் பொசுங்கி அந்த ஒரு கை மட்டும் பெண்பிள்ளையின் கை மாதிரி இருக்கும், அதைச் சொல்லி அவள் கேலி பண்ணாத நாளில்லை. சொல்லி முடிந்ததும் திரும்பி அவளைப் பார்த்துத் தலையை ஆட்டுவான், சூடு காணாது, இன்னும் விறகு தா என்று.

கிழவர் திரும்பினார். அத்தனை பேருக்குள்ளும் அவளைப் பார்த்தார். காணாது என்று தலையை ஆட்டினார்.

காணாமற்போன நாளில் எப்படி இருந்தார்களோ அப்படி இல்லை, செத்த நாளில் எப்படி இருந்தார்களோ அப்படித்தான் எல்லாரும் வந்தார்கள். அந்தத் தெருவில் மற்ற எல்லாருக்கும் அந்த இரண்டும் ஒரே நாளாய் இருந்தபடியால் ஒருவரும் அதை யோசிக்கவில்லை. சனம் கேசரி கொண்டுவந்து சொன்னது மெய்தான், அவள் ஆலாத்தி எடுத்த நாட்களில் அவன் உயிரோடுதான் இருந்தான், அவள் மங்கள விளக்கேற்றிய நேரத்தில் எங்கோ ஒரு இடத்தில் பல் விழுந்து, முதுகு கூனி, அறுபது வயதில் எண்பது வயதாய், இன்னொருவரின் சேட்டுக்குள் உயிரோடுதான் இருந்தான்.

"இன்பநாதன்!" என்று கத்தினாள். ஒருநாளும் புருசனின் பேரை வாயால் சொல்லாதவள் கத்தினாள். "ஐயா, பேர் இருக்கு ஐயா, பேரின்பநாதன், கார்த்திகேசு பேரின்பநாதன், நிப்பாட்டுங்கோ, என்ர மனிசன் ஐயா அது!"

ஐயரின் கையில் தண்ணிச் செம்பு வெறுமையாய் இருந்தது. "முடிஞ்சுதம்மா," என்றார், அவருக்கே கேட்காத குரலில். "பேரில்லாமலே முடிஞ்சிட்டுது."

அவள் விறகை அள்ளினாள். அப்பிள் மரமும் செரி மரமும் அடுக்கியிருந்ததையெல்லாம் அள்ளி அள்ளி நெருப்புப்பெட்டிக்குள் தள்ளினாள், விறகு முடிய வேலிப் பலகையைப் பிடுங்கினாள், சுகிர்தா இடுப்பைக் கட்டிப் பிடித்தும் நிற்காமல், நட்டிருந்த பூச்செடியைத் தன் வளவில் இருந்து வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்து போட்டாள், கடைசியில் பாணையும் போட்டாள். புகை எழும்பியது, ஐயோ அப்படி ஒரு புகை, தெருவையே மூடிற்று, அந்தக் கோடை முழுவதிலும் அப்படிப் புகை எழும்பவில்லை. அதற்குள் அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நடந்தாள். சனம் இருமிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தது. புகைக்குள் அவள் மட்டும்தான் நின்றாள்.

எல்லாரும் போய், நெருப்பும் தணிந்த பிறகும் அவள் அந்த அடுப்புக்குப் பக்கத்தில், ஈர நிலத்தில், இரும்பில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள். நெற்றியில் காலமை வைத்த பெரிய பொட்டு அப்படியே இருந்தது. சச்சி ஒரு கம்பளியைக் கொண்டுவந்து போர்த்திவிட்டுப் பக்கத்தில் குந்தினார்.

"எழும்புங்கோ மச்சாள். குளிருது."

"சச்சித் தம்பி."

"ஓம் மச்சாள்."

"அண்டைக்குக் கடையில நீர் எல்லாம் விளங்கப்படுத்தினனீர். நான் காதில வாங்கேல்லை." அவள் அவரைப் பார்க்கவில்லை. வேலிக்கு அங்கால், மூடி போட்டபடி நின்ற தன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "எது கனநேரம் புகைக்கும்?"

இனி எந்த அடுப்பை வாங்கி எந்த மரத்தைப் போட்டு எரித்தாலும் ஒருவரும் வரப்போவதில்லை என்று சச்சிக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு வேறென்ன சொல்லுவதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றையே சொல்லத் தொடங்கினார்.

"பக்கத்தில நெருப்புப்பெட்டி வைச்சதுதான் மச்சாள் கனநேரம் நிக்கும். இரும்பு தடிப்பாய் இருக்கவேணும். மெல்லிசெண்டால் இந்தக் குளிருக்குச் சூடு நிக்காது. விறகு நல்லாக் காய்ஞ்சிருக்க வேணும், ஆனா முழுக்கக் காய்ஞ்சாலும் சரிவராது..." கண்ணீர் தாடையால் வழிய வழியச் சொல்லிக்கொண்டே போனார். தவமலர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி, பாடமாக்குகிற பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

"இரும்பு தடிப்பாய் இருக்கவேணும்," என்று திருப்பிச் சொன்னாள்.

"ஓம் மச்சாள்," என்றார் சச்சி. "தடிப்பாய் இருக்கவேணும்."